என் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியவனுக்கு

இன்று ஞாயிறு ஓட்டம் முடிந்து பீச் ரோட்டு டீக்கடை முன்னால் நிற்கும்போது அந்த வலி ஸ்பிரே நெடி மூக்கில் ஏறியது. கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் பெஞ்சில் காலை நீட்டி முழங்காலுக்கு அடித்துக்கொண்டிருந்தார். வலி இருக்கிறவன் அடிப்பது முறை. நீ ஒருவன்தான் ஓடுவதற்கு முன்பு, ஓடிய பிறகு, கடைக் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று மூன்று வேளையும் அடித்தவன். முத்தையாபுரத்தில் உன் ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தால் பெயிண்ட் வாடையை மீறிக்கொண்டு அதுதான் வரும். "இந்த வாசனை இருந்தாத்தாம்ல நானும் ஓடுதவன்னு எனக்கே நம்பிக்கை வருது" என்றாய் ஒருமுறை. "வாசனை முன்னால ஓடி வந்துருது, ஆளைத்தான் காணோம்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எதைச் சொன்னாலும் நீ சிரித்துவிடுவாய், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நேற்று உன் வீட்டுக்காரியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அதை உன்னிடமும் சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரிந்ததுதான். மீதி, நீ விழுந்த பிறகு நான் செய்தது.

நம் கிளப் என்பது பதினொரு பேர். ஹார்பர் வேலைக்காரர்கள் நாலு பேர், சாகுபுரம் ஆலைக்கு ஷிப்டு போகிறவர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் இரண்டு பேர், இப்படி. நான் கிளியரிங் ஆபீசில் கண்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவன். ஓட்டத்தில் மட்டும் நான் பெரிய ஆள். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறவன் நம்மில் நான் ஒருவன்தான், அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். நீ நாற்பத்தாறு வயதில், தொண்ணூற்றிரண்டு கிலோவோடு, கழுத்தில் குற்றாலத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாய். முதல் நாளே "சிமெண்ட் லோடு வந்துட்டு, இறக்குங்கலே" என்று நான்தான் கத்தினேன்.

வால் டீ வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் கடைசியாக வருகிறவன் வால். வால் உட்காரக் கூடாது. மூச்சு வாங்க நின்றபடியே ஒவ்வொருவருக்கும் டீ எடுத்துக் கொடுத்து, "காத்திருந்ததுக்கு நன்றி அண்ணாச்சி" என்று குனிய வேண்டும். வாரத்துக்கு ஒருத்தர் என்று மாறி மாறி வாலாவார்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நீ வந்த பிறகு அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை. இரண்டு வருஷம் நீதான் குனிந்தாய். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குனிவாய், வேண்டுமென்றே, டீ என் மடியில் சிந்துகிற மாதிரி.

ஒரு நாள் உப்பளத்து ரோட்டில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கல் மாதிரி இறுகிவிட்டது. ஒவ்வொருத்தனாகக் கடந்து போனான். ஒருத்தன் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான், ஒருத்தன் "நடந்து வந்துருங்க" என்றான். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். கால் மணி நேரம் கழித்து நீ வந்தாய். ஒன்றும் கேட்காமல் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலை மடியில் தூக்கி வைத்து, பைப் திருகுகிற அந்தத் தடித்த கட்டை விரல்களால் அழுத்தினாய். நான் அம்மா என்று அலறினேன். உப்பு லாரிக்காரன் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். திரும்பும்போது நான் நொண்டி நொண்டி வர, நீ எனக்கு இரண்டடி பின்னாலேயே வந்தாய். முன்னால் போ என்றதற்கு, "போனா நீ வாலாயிருவல்லா. அது என் சீட்டு" என்றாய். அன்றைக்கும் நீதான் டீ கொடுத்தாய். நான் உட்கார்ந்து வாங்கிக் குடித்தேன்.

இனி அந்த அரை மாரத்தானுக்கு வருகிறேன். நம்மூரில் நடக்கிற பந்தயம் அது ஒன்றுதான். ஏழு வருஷம் விடாமல் ஓடி முடித்தவன் ஊரிலேயே நான் ஒருவன். எட்டாவது வருஷம், பதினைந்து நாள் இருக்கும்போது முட்டி வீங்கிவிட்டது. மூன்று மாதம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு முட்டி வலித்ததைவிட அந்தப் பட்டியல் வலித்தது. எட்டாவது வருஷப் பட்டியலில் என் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கும். அதை நினைத்துத் தூக்கம் கெட்டேன். சொன்னால் சிரிப்பாய்.

உனக்கு அந்த வருஷம் எண் கிடையாது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவன், நாற்பத்தைந்து தாண்டியவன், டாக்டர் சீட்டு இல்லாமல் பதிவு செய்ய முடியாது. ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டு வா என்று டாக்டர் அனுப்பினார். "போனா எதையாவது கண்டுபிடிச்சிருவான்" என்று நீ போகவே இல்லை. டெஸ்ட் எடுக்காமல் ஓடினால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மிரட்டி உன் வீட்டுக்காரி சத்தியம் வாங்கியிருந்தாள். இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் முந்தின நாள் சாயங்காலம் என் பிப்பை எடுத்துக்கொண்டு உன் கடைக்கு வந்தேன்.

நெஞ்சில் குத்துகிற அந்த எண் அட்டையைக் கல்லாவில் வைத்தேன். என் எண், என் பெயர். பின்பக்கம் நேரம் பிடிக்கிற சிப்.

"என்னல இது?"

"நாளைக்கு நீ ஓடுத. என் பேருக்கு."

"வெளையாடாத. வீட்டுல கொன்னுருவா."

"தண்ணி குடுக்கப் போறேன்னு சொல்லு. கிளப்பு ஆளுக அஞ்சு பேரு தண்ணி குடுக்கத்தான போறாவ."

நீ அட்டையைத் தொட்டுப் பார்த்தாய். துணியை விரலால் உரசிப் பார்க்கிற மாதிரி. ஆசை உன் முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு ஒரு கவலை வந்தது. "நான் ஓடுனா மூணு மணி நேரம் ஆவும்ல. உன் பேருக்கு மூணு மணி நேரம்னு வந்தா ஊரே சிரிக்கும்லா."

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நடந்தாவது முடி என்று. நான் சொன்னது வேறு. "ஆமா, சிரிக்கும். ரெண்டேகாலுக்குள்ள வந்துரு" என்றேன்.

அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்து படுக்கப் போகும் முன் உனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். சிரித்துக்கொண்டேதான் பேசினேன். "ஏலே சிமெண்டு, ரெண்டேகாலுக்கு மேல ஒரு நிமிசம் ஆச்சுன்னாலும் என் பேரைக் கெடுத்தவன் நீதான். அப்புறம் வால் டீ குடுக்கக்கூட கிளப்புப் பக்கம் வந்துராத." நீ ஒரு கட்டை விரலை அனுப்பினாய்.

காலையில் நான் பந்தயத்துக்கு வரவில்லை. வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள், ஆள் மாறியது தெரிந்துவிடும். என் வீட்டுக்காரி நாசரேத்தில் அவள் அக்கா வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக, முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் விரித்திருக்கிற ஒவ்வொரு பாயையும் நீ மிதிக்கும்போது, அது சிப்பைப் படித்து எனக்குச் செய்தி அனுப்பும்.

ஐந்தாவது கிலோமீட்டர் செய்தி வந்தபோது மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். பத்தாவது வந்தது. ஒரு மணி இரண்டு நிமிஷம். பத்துக்கு நீ எப்போதும் ஒரு மணி இருபது நிமிஷம் எடுப்பாய். ஒரு ஓட்டக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்ல முடியாது. இந்த உடம்பு இந்த வேகத்தில் ஓடக் கூடாது என்று அந்த எண்ணே சொன்னது. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நம் ஆட்கள் ஐந்து பேர் நின்றார்கள். ஒருத்தனைக் கூப்பிட்டு "அவனைப் பிடிச்சு நிறுத்துல" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சொன்னால் ஆள் மாறிய விஷயம் வெளியே வந்துவிடும். நான் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயத்தால் மட்டும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினைந்தாவது கிலோமீட்டர் செய்தி வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "போலே, போலே" என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசிச் செய்தி வாழ்த்தோடு வந்தது. என் பெயரைப் போட்டு, நீங்கள் வெற்றிகரமாக ஓடி முடித்துவிட்டீர்கள், இரண்டு மணி பதினொரு நிமிஷம் என்று. நான் அதைப் படம் பிடித்து, "எட்டாவது வருஷம்!" என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. துபாயில் இருக்கும் நம் பழைய கிளப்காரன், காயல்பட்டினத்துக்காரன், உடனே கூப்பிட்டான். வீங்கிய முட்டியோடு எப்படி ஓடினேன் என்று அவனுக்குக் கால் மணி நேரம் கதை விட்டேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் எனக்கு எப்படி இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் நீ பந்தயம் முடிகிற வளைவுக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்தாய். என் மெடலைக் கழுத்தில் போட்டு, வாழைப்பழத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாலு அடி நடந்து விழுந்திருக்கிறாய்.

போனை வைத்ததும் உன் வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஸ்டேட்டஸ் பாத்தேன். முட்டி வலியோட முடிச்சிட்டீகளே. எங்க வீட்டுல அவுக அங்கனதான் தண்ணி குடுக்காக, போனை எடுக்க மாட்டேங்காக. பாத்தீகளா?"

"அங்கதாம்மா நிக்கான். கூட்டம், சத்தம் கேட்டிருக்காது" என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன்.

வைத்த கையோடு என் வீட்டுக்காரி. எடுத்து ஹலோ என்றதும் அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் நிற்கிறது. "உயிரோட இருக்கீங்களா? ஐயோ ஏசப்பா, உயிரோட இருக்கீங்களா?" பிப்பின் பின்னால் அவசரத்துக்குக் கூப்பிட என்று நான் எழுதியிருந்தது அவள் நம்பர். உங்கள் கணவர் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணும் கிடையாது, கல்லு மாதிரி இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குள் ஏறி அழுதுகொண்டே வந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாளாம். நான் துபாய்க்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்ட பிறகு அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏசப்பாவுக்கு நன்றி சொன்னாள். பிறகுதான் கேட்டாள்.

"அப்போ அங்க கிடக்கிறது யாரு?"

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலில் தொங்கிய சீட்டில் என் பெயர் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது, வரும்போதே போய்விட்டது என்றார். என் வீட்டுக்காரி அதை இன்றுவரை நம்பவில்லை. ராத்திரி ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறாள்.

இனி நீ அறியாதது. உன் வீட்டுக்காரி வருவதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உனக்கு அனுப்பிய குரல் செய்தியை அழித்தேன். அவசரத்தில், எல்லாருக்கும் அழி என்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழி என்பதைத் தொட்டுவிட்டேன். என் போனில் போயிற்று. உன் போனில் இருந்தது. திரும்ப ஒன்றும் செய்ய முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் வந்தாள். என் சட்டையைப் பிடித்து, "அவுக எப்பிடி ஓடுனாக? உங்க நம்பர் அவுககிட்ட எப்பிடிப் போச்சு?" என்று கேட்டாள்.

"அவன்தாம்மா கெஞ்சுனான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு கால்ல விழாத குறை. என்னால மறுக்க முடியல" என்றேன்.

அந்த ஒரு பொய் போதுமானதாக இருந்தது. பந்தயக்காரர்களுக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கிளப் என்னை ஆறு மாதம் நிறுத்தி வைத்து, பாவம் நட்புக்காகச் செய்தான் என்று மூன்றாம் மாதமே கூப்பிட்டுக்கொண்டது. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு விதிகள் சொல்லித் தருகிறவன் நான். அடுத்தவன் எண்ணில் ஓடாதே என்ற விதி வரும்போது உன் கதையைச் சொல்வேன். வீட்டில் பொய் சொல்லி, நண்பனைக் கெஞ்சி எண் வாங்கி ஓடி, செத்துப்போன ஒருத்தன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டுவேன்.

உன் வீட்டுக்காரி கடையை மூடவில்லை. இப்போது அவள்தான் கல்லாவில். பைப் அளவெல்லாம் உன்னைவிட நன்றாகச் சொல்கிறாள். மாதத்தில் முதல் சனிக்கிழமை நான் போவேன். ஸ்டூலைப் போட்டு, டீ வரவழைத்து, "அவுகளைப் பத்தி ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்பாள். நான் சொல்வேன். சில நாள் அவள் சிரிப்பாள். சில நாள் உன்னைத் திட்டுவாள். "சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போயி இப்பிடிப் பண்ணிட்டாகளே" என்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். டீ நன்றாகத்தான் இருக்கும்.

நேற்றும் திட்டினாள். வழக்கமான திட்டுதான். எனக்கு ஏன் நேற்று முடியாமல் போயிற்று என்று தெரியவில்லை. "அவன் கெஞ்சலம்மா, நான்தான் கொண்டு வந்து குடுத்தேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. ரெண்டேகாலைப் பற்றிச் சொன்னேன். பத்தாவது கிலோமீட்டரில் தெரிந்தும் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அவள் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்து, பொட்டலம் கட்டி, அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "அவுக போனு என்கிட்டதான இருக்கு. நீங்க பேசி அனுப்புனதைப் பதினாறாம் நாளே கேட்டுட்டேன்."

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"மூணு வருசமா மாசாமாசம் இந்த ஸ்டூல்ல உக்காருதீக. இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு ஒவ்வொரு மாசமும் டீ வாங்கித் தந்தேன். நீங்களா சொல்லணும்னுதான் நானும் அவுகளைத் திட்டுனேன். புருசனை அநியாயமாத் திட்டுதோமேன்னு ராத்திரி அழுவேன். மறு மாசமும் திட்டுவேன். அப்பவும் நீங்க தலையத்தான் ஆட்டுனீக."

அவள் சத்தம் போடவில்லை. ரோட்டில் போகிறவன் பார்த்தால் பைப் விலை பேசுகிறோம் என்று நினைப்பான்.

"எப்பிடி ஓடுனாக அவுக?" என்று கேட்டாள். "மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? சந்தோசமா ஓடுனாகளா, கஷ்டப்பட்டாகளா?"

"நான் பாக்கலம்மா. வீட்டுல இருந்தேன்."

"தண்ணி குடுத்தவுக?"

"யாரும் கவனிக்கல. அவன் ஓடுதான்னே அவங்களுக்குத் தெரியாது. அந்த வேகத்துல போற கூட்டத்துக்குள்ள அவனை யாரு தேடுவா?"

அதற்குத்தான் அவள் அழுதாள். நான் செய்ததற்கெல்லாம் அழாதவள், நீ ஓடியதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதற்கு அழுதாள். நான் எழுந்தேன். "மன்னிப்புக் கேக்கலம்மா. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றேன்.

"வராம?" என்று நிமிர்ந்தாள். "வராம இருந்தா உங்களுக்குச் சுகமாப் போயிரும்லா. அவுக சொந்தக்காரங்க யாரும் அவுக பேச்ச எடுக்கதில்ல. கிளப்பு ஆளுக எட்டிப் பாக்கதில்ல. பிள்ளையளுக்கும் பாதி மறந்துட்டு. அவுகளைப் பத்திப் பேச எனக்கு உங்களை விட்டா ஆளு கிடையாது. என் தலையெழுத்து அது. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை வரணும் நீங்க. டீ கிடையாது. வந்து உக்காந்து அவுகளைப் பத்திச் சொல்லணும். நான் சாவுத வரைக்கும் வரணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதோ மேசை முன்னால் உட்கார்ந்து அடுத்த மாதம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உப்பளத்து ரோட்டில் நீ என் காலைப் பிடித்துவிட்டதை அவளுக்கு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. அதைத் தவிர என்னிடம் உன்னைப் பற்றி இருபது கதையாவது இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் நான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.